வெள்ளைக் கோட்டின் மேல் 320 கிலோமீட்டர்

காலை பத்து மணி. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய சாலை. ஆகஸ்ட் வெயிலில் தார் சுடத் தொடங்கியிருந்தது. அதுவரை இரண்டும் மூன்றுமாகச் சிதறி வந்த எங்கள் குழு, யாரும் சொல்லாமலே ஒற்றை வரிசைக்கு மாறியது. எல்லோருடைய காலும் சாலை ஓரத்தில் அடித்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல்.

எனக்கு முதலில் புரியவில்லை. முன்னால் போன மீன்காரம்மா திரும்பிப் பார்த்தார். "தம்பி, கோட்டு மேல கால வை. அங்க சுடாது" என்றார்.

வைத்துப் பார்த்தேன். கறுப்புத் தார் குடித்து வைத்திருக்கிற சூட்டை வெள்ளைப் பெயின்ட் குடிப்பதில்லை. ஒரு பாதம் வைக்கத்தான் அதில் இடம். அதை விட்டு விலகினால் உள்ளங்கால் பொசுங்குகிறது. இந்தப் பக்கம் விலகினால் கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும். அந்தப் பக்கம் விலகினால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார். செருப்பில்லாமல் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடைத்திருக்கிற பாதை அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆகஸ்ட் 20 வாக்கில் கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து மட்டுமல்ல, பெங்களூரிலிருந்து, கோலார் தங்கவயலிலிருந்து, வேலூரிலிருந்து, திருச்சியிலிருந்து என்று அந்த நாட்களில் நாகப்பட்டினத்தை நோக்கிப் போகிற சாலை எல்லாவற்றிலும் காவித் துணி தெரியும். கழுத்தில் செபமாலை, தோளில் ஒரு பை. கூடவே தள்ளுவண்டியிலோ மூன்று சக்கர வண்டியிலோ சீரியல் பல்பு கட்டிய சிறு தேர். அதற்குள் சேலை கட்டிய மாதா.

நான் சேர்ந்து நடந்தது வடசென்னையிலிருந்து கிளம்பிய 42 பேர் குழுவோடு. தலைவருக்கு அறுபத்து மூன்று வயது. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எல்லோருக்கும் அவர் 'பெரியப்பா'. இருபத்தேழாவது முறையாக நடக்கிறார். குழுவில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஐந்து பேர், மீன் விற்கிற பெண்கள், தையல்காரர் ஒருவர், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிற ஓர் அக்கா, கல்லூரிப் பையன்கள் நான்கு பேர். பதினோரு பேர் இந்துக்கள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் செபமாலை. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார் பெரியப்பா. ஒரு செபம், ஒரு கட்டங்காப்பி, உடனே நடை. ஒன்பது மணிக்குள் இருபது கிலோமீட்டரை முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதன்பின் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையோ, கல்யாண மண்டபமோ, கோயில் மண்டபமோ, புளியமரமோ. முன்னால் போன வேனில் சாதம் வெந்திருக்கும். தூங்கி எழுந்து நான்கு மணிக்கு மறுபடி நடந்தால் இரவு ஒன்பது, பத்து. செபமாலை சொல்லிக்கொண்டே நடப்பார்கள். சோர்ந்து போகிற நேரத்தில் யாராவது ஒருவர் "மரியே!" என்று குரல் கொடுப்பார். "வாழ்க!" என்று மொத்த வரிசையும் சொல்லும். சொன்னபின் கால் கொஞ்சம் வேகமாகப் போவதை நானே பார்த்தேன்.

மூன்றாம் நாள் என் இடது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். ஆஸ்பத்திரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கூச்சமாக இருந்தது, இழுத்தேன். விடவில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் ஊசியைக் காட்டி, நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். இரண்டு முனையிலும் கொஞ்சம் விட்டு நூலை வெட்டினார். "நூலு உள்ளயே இருக்கட்டும். தண்ணி அது வழியா தானா இறங்கிடும். தோல மட்டும் உரிச்சிடாத" என்றார். அன்று ராத்திரி அவர் இப்படிப் பார்த்தது பதினாறு கால்கள். சர்க்கரை வியாதி இருக்கிற இரண்டு பேரைக் கண்டிப்பாகச் செருப்புப் போட வைத்ததும் அவர்தான். "மாதா செருப்பப் பாத்து கோவிச்சுக்க மாட்டா. கால் போச்சுன்னா உன் புள்ளதான் பாக்கணும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒருவர் அழுதுவிட்டார்.

நடக்கிறவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பெரும்பாலும் பதில் ஒரே சொல்தான்: பொருத்தனை. மகளுக்குப் பத்து வருடம் கழித்துக் குழந்தை. கணவர் குடியை விட்டது. மகனுக்கு இதயத்தில் ஆபரேஷன். தையல்காரர் மட்டும், "கேட்டது கிடைக்கல தம்பி. பொண்ணு போயிட்டா. ஆனா வரேன்னு சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லுக்கு வரேன்" என்றார். அவருக்கு இது ஆறாவது வருடம். அதன்பிறகு நெடுநேரம் நாங்கள் பேசாமல் நடந்தோம்.

ரயில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-இல் ரயில் பாதை வந்துவிட்டது. திருவிழாவுக்குச் சிறப்பு ரயில்கள் விடுகிறார்கள், சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். ஆனால் இந்த 42 பேரும் பத்து நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆட்டோவை நிறுத்தினால் அன்றைக்கு வருமானம் இல்லை. கடையைத் திறக்காவிட்டால் மீன் இல்லை. லட்ச ரூபாய் காணிக்கை போடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிதோ, இவர்களுக்கு இந்தப் பத்து நாள் அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

வேளாங்கண்ணியின் கதையே நடையில்தான் தொடங்குகிறது. மரபாகச் சொல்லப்படுகிற முதல் கதை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினத்தில் இருந்த முதலாளி வீட்டுக்குத் தினமும் பால் சுமந்து போன ஓர் இந்துச் சிறுவன், வழியில் குளத்தங்கரை ஆலமரத்தடியில் கண்ணயர்கிறான். கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து பால் கேட்கிறாள். கொடுக்கிறான். தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டபடி பாத்திரத்தைத் திறந்தால், நிரம்பி வழிகிறது. அந்தக் குளம்தான் இன்றைய மாதா குளம். இரண்டாவது கதை நடுத்திட்டில் மோர் விற்ற, கால் ஊனமான பையனுடையது. அவனிடமும் அந்தத் தாய் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்கச் செல்வந்தரிடம் போய்த் தனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். எழுந்தவன் தன் கால் சரியானதே தெரியாமல் நாகப்பட்டினம் வரை ஓடுகிறான். புயலில் சிக்கித் தப்பிக் கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள் கோயிலைப் பெரிதாக்கிக் கட்டிய மூன்றாவது கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

திருத்தலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கப்பலிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முதல் இரண்டு கதைகள்தான் முக்கியம். இரண்டிலும் வருகிறவன் கூலிக்குச் சுமக்கிற, தெருவில் விற்கிற பையன். இரண்டிலும் அவன் காலால் கடப்பது வேளாங்கண்ணிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட அதே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1771-இல் வேளாங்கண்ணி தனிப் பங்காவதற்கு முன்பே, 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அதைப் பேராலயமாக உயர்த்துவதற்கு வெகு காலம் முன்பே, இந்தப் பாதை இருந்தது. பால் சுமந்தவனுடைய பாதை அது. மீன் சுமக்கிற பெண்கள் இன்று அதில் நடந்து வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

புதுச்சேரி தாண்டியதும் நடை வேறு மாதிரி ஆகிறது. ஊர்கள் நெருக்கமாக வரும். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம். பாலத்தின் மேல் விடியற்காலையில் காற்று வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். அதற்குத் தெற்கே மண்ணே மாறிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர், இரண்டு பக்கமும் வயல். சீர்காழி, ஆக்கூர், திருக்கடையூர். தரங்கம்பாடியை ஒட்டிப் போகும்போது பெரியப்பா கடல் பக்கம் கையை நீட்டி, "அங்கதான் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கினாரு" என்றார். 1706 ஜூலையில் அங்கே இறங்கிய அந்த ஜெர்மானியர், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர். லூத்தரன் சபைக்காரர், மாதாவுக்குப் பொருத்தனை நேர்கிறவர்களின் சபை அல்ல. ஆனாலும் பெரியப்பா நின்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டுதான் நடந்தார்.

வழியெல்லாம் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஷாமியானா பந்தல் போட்டுச் சாப்பாடு போடுகிற பெரிய ஆட்களைச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு குடம், ஒரு டம்ளர். அவ்வளவுதான். வீட்டுக்காரர் உள்ளே வேலையாக இருப்பார். சீர்காழிக்கு அப்பால் ஒரு பாட்டி வாளியோடு நீர்மோர் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மாரியம்மன் கோயில் எதிரே வீடு. "போன வருஷம் நீங்க இல்ல, பெங்களூர்க்காரங்க வந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் நீங்கதான்" என்று பெரியப்பாவை அடையாளம் கண்டுபிடித்தார். நாகூரில் இரவு தங்கியபோது, தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம் எங்கள் 42 பேருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் மினார் கட்டிக் கொடுத்த தர்கா அது. அந்த ஊருக்கு இதெல்லாம் புதிது இல்லை.

இப்படிப் பல சமயத்தார் ஒரு மாதாவிடம் போவது சரியா என்ற கேள்வி திருச்சபைக்குள்ளேயே எழுந்ததுண்டு. 2024 ஆகஸ்ட்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய கடிதம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர் அல்லாதோர் வேளாங்கண்ணிக்கு வந்து ஆறுதல் தேடுவதை மதக் கலப்பாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மோர் வாளியோடு உட்கார்ந்திருந்த பாட்டிக்கு இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அது எழுதப்பட்டதில் எனக்கு நிறைவுதான்.

இனி நான் சொல்லப் போவது குறை. சொல்லாமல் இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடம் குடமாக வழியில் வைத்திருந்தும் குடிப்பதில்லை. இரண்டாம் நாள்தான் கவனித்தேன். மீன்காரம்மா டம்ளரை வாங்கி வாயை நனைத்துவிட்டுக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. கழிப்பறை இல்லை. பெட்ரோல் பங்கில் பூட்டி வைத்திருக்கிறார்கள்; சாவி கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்தாம் நாள் மதியம் ஒரு பெண் மயங்கி விழுந்ததற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை.

அடுத்தது இருட்டு. கடலூர் தாண்டிய அன்று இரவு எட்டரை மணி. வரிசையின் கடைசியில் சிவப்பு டார்ச் பிடித்துக்கொண்டு வந்த கல்லூரிப் பையன் திடீரென்று "ஓரம்!" என்று கத்தினான். ஒரு பேருந்து முன்னால் போன லாரியை இடப்பக்கமாக முந்திக்கொண்டு வந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மண்ணில் டயர் இறங்கிப் போனது. எங்கள் சிறு தேரின் ஒரு பக்கத்து பல்பு வரிசை அறுந்து தொங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரம் யாராலும் எழ முடியவில்லை. வழிநடைப் பக்தர்கள் மீது வாகனம் மோதல் என்று வருடா வருடம் செய்தித்தாள்களில் நாலு வரிச் செய்தி வருகிறது. அந்த நாலு வரி எப்படி நடக்கிறது என்பதை அன்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சாலை பல இடங்களில் நான்கு வழியாக அகலமாகிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அகலமாகிற இடத்திலெல்லாம் ஓரத்துப் புளியமரம் போகிறது, வண்டியின் வேகம் கூடுகிறது, நடக்கிறவனுக்கு மட்டும் அதே ஒரு பாத அகலக் கோடு.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து சாலையோரம் தனி நடைபாதை போட்டுக் கொடுத்திருக்கிறது நம் அரசு. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை இருக்கிறது. வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் சொல்லலாம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று கூப்பிடுகிற புனிதரின் கல்லறை ஸ்பெயினில் சாந்தியாகோ நகரில் இருக்கிறது. பிரான்ஸ் எல்லையிலிருந்து அங்கே நடக்க ஏறத்தாழ 780 கிலோமீட்டர். நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றிருந்த அந்தப் பாதை தேய்ந்துபோய், 1985-இல் நடந்து முடித்ததற்குச் சான்றிதழ் வாங்கியவர்கள் 690 பேர்தான். அந்த வழியில் ஒரு மலைக் கிராமத்தின் பங்குத் தந்தை எலியாஸ் வலீன்யா. பாதை மறைந்துவிடக் கூடாது என்று மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். பிறகு விடுதிகள் வந்தன, தண்ணீர்க் குழாய்கள் வந்தன, 1993-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. 2024-இல் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். தொடங்கியது ஒரு டப்பா பெயின்டில்.

நமக்கு ஆளைத் தேட வேண்டிய நிலை இல்லை. நடக்கிறவர்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள். வேண்டியது இவைதான்: கோட்டுக்கு வெளியே நான்கடி அகலத்தில் மண்ணோ சிமென்ட்டோ ஒரு நடைபாதை, ஆகஸ்ட் கடைசிப் பத்து நாளுக்காவது பத்து கிலோமீட்டருக்கு ஒரு நடமாடும் கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, முக்கியமான வளைவுகளில் விளக்கு. வழியில் இருக்கிற பங்குகளும் பள்ளிகளும் தங்கள் கேட்டைத் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். திறந்து வைத்த இரண்டு இடங்களை நாங்கள் பார்த்தோம். அங்கே பெண்கள் தண்ணீர் குடித்தார்கள்.

ஆகஸ்ட் 29 காலை. நாகப்பட்டினத்தைத் தாண்டிப் பரவை கடைத்தெரு. காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கிருந்தோ வந்த பல குழுக்கள் இப்போது ஒரே ஆறாகச் சேர்ந்துவிட்டன. கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கேட்டது. தூரத்தில் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் மீன்காரம்மா ரோட்டிலேயே மண்டியிட்டுவிட்டார். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள்.

உள்ளே போனபின் ஒவ்வொருவரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சிலர் மொட்டை போட, சிலர் கடலில் குளிக்க. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே மணல் பரப்பிய பாதையில் முழங்காலால் நடந்து போனவர்களில் தையல்காரரும் இருந்தார். பெரியப்பா என்னைச் சுனாமி நினைவிடத்துக்குக் கூட்டிப் போனார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. யாத்திரை வந்தவர்கள் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நிறைந்திருந்த காலை. நூற்றுக்கணக்கானோர் இங்கே போனார்கள். "பேரு ஊரு தெரியாதவங்க நிறைய பேரு. நாம வர்றப்ப ஒரு மெழுகுவர்த்தி வெச்சா போதும்" என்று ஒன்றை ஏற்றி வைத்தார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார்.

மாலையில் கொடி ஏறியது. அன்று இரவே 42 பேரும் பேருந்தில் ஏறினோம். பத்து நாள் நடந்த தூரம் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, எதிர்ப்பக்கத்தில் இன்னும் நடந்து வருகிற குழுக்கள் தெரிந்தன. எட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டியவர்கள். சில இடங்களில் டார்ச் வெளிச்சம். பல இடங்களில் அதுவும் இல்லை. பேருந்தின் விளக்கு விழும் அந்த ஒரு நொடியில்தான் ஆட்கள் இருப்பதே தெரிந்தது.

ஆகஸ்ட் 20-லிருந்து செப்டம்பர் 8 வரை அந்தச் சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்விளக்கைத் தாழ்த்துங்கள். ஊர் தாண்டினாலும் வேகத்தைக் கூட்டாதீர்கள். இடப்பக்கமாக முந்தாதீர்கள். வெள்ளைக் கோட்டின் மேல் ஆட்கள் நடந்து வருகிறார்கள்.